தொடர்பாடல் கலைகளில் முனைவர் பட்டம்

தொடர்பாடல் கலைகளில் முனைவர் பட்டம் என்பது, மனிதர் பேச்சு, எழுத்து, ஒலி, படம், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வழியாக ஒருவருக்கொருவர் பொருளை உணர்த்தும் முறைகளை ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவோருக்குப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் உயர் பட்டம் ஆகும். இலங்கை வழக்கில் முனைவர் பட்டம் கலாநிதிப் பட்டம் எனப்படும். தமிழ்நாட்டில் இத்துறை தொடர்பியல், தகவல் தொடர்பியல், இதழியல் மற்றும் தொடர்பியல் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. இப்பட்டம் தனித்துறைப் பட்டமாக உருப்பெற்றது ஐக்கிய அமெரிக்காவில் என்பதால், இக்கட்டுரை முதன்மையாக அந்நாட்டு முறையையே விவரிக்கிறது.

இத்துறை இரு வேறு மூலங்களிலிருந்து தோன்றியது. ஒன்று பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர்களின் மரபு. மற்றொன்று இதழியலும் சமூக அறிவியலும் இணைந்த மரபு. இதனால் ஒரே பெயருடைய பட்டத்துக்கு இரு பல்கலைக்கழகங்களில் முற்றிலும் வேறான பயிற்சி அளிக்கப்படலாம். இதனை அறியாமல் விண்ணப்பிக்கும் மாணவர், தாம் ஆராய விரும்பிய பொருளுக்கு நெறியாளரே இல்லாத துறையில் சில ஆண்டுகளைக் கழிக்க நேரிடும்.

பெயர்

பெயரில் "கலைகள்" என்ற சொல் இருப்பதால் இது நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, விளம்பர வடிவமைப்பு போன்றவற்றில் தரப்படும் உயர்நிலைப் பயிற்சி என்று கருதுவோர் பலர். இது பிழையான கருத்தாகும். படம் எடுக்கக் கற்க விரும்புவோர் அமெரிக்காவில் பொதுவாக நாடுவது எம்.எஃப்.ஏ. எனப்படும் நுண்கலை முதுநிலைப் பட்டத்தை ஆகும். முனைவர் பட்டம் ஆராய்ச்சிக்கு உரியது. இங்கு "கலை" என்பது பழைய ஐரோப்பியப் பொருளில் வருகிறது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்பட்ட ஏழு கலைகளுள் முதல் மூன்று இலக்கணம், தருக்கம், ரெட்டரிக் எனப்படும் நாவன்மையியல் ஆகியவை ஆகும். இவற்றுள் மூன்றாவதன் வழித்தோன்றலே பேச்சுத் துறை.

துறைகளின் பெயர்கள் ஒரு சீராக இல்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1955 இல் தொடர்பாடல் கலைகள் கல்லூரியை நிறுவியது. பின்னர் அதன் பெயரில் "அறிவியல்கள்" என்பதும் சேர்ந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் கலைகள் மற்றும் அறிவியல்கள் என ஒரு துறையும், அதற்குத் தொடர்பில்லாத தனிக் கல்லூரியாக ஊடகத் தொடர்பாடல் கல்லூரி ஒன்றும் உள்ளன. இரண்டுமே முனைவர் பட்டம் அளிக்கின்றன.

வரலாறு

பேச்சுத் துறை மரபு

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் மேடைப் பேச்சும் சொற்போரும் ஆங்கிலத் துறையின் ஒரு மூலையில் கற்பிக்கப்பட்டன. இலக்கியத்துக்கும் கட்டுரை எழுத்துக்கும் இருந்த மதிப்பு பேச்சுக்கு இல்லை என்ற மனக்குறை அவ்வாசிரியர்களிடையே வளர்ந்தது. 1914 நவம்பரில் சிகாகோவில் 17 ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் அமைப்பிலிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டு ஓர் ஆய்விதழும் தொடங்கப்பட்டது. அச்சங்கம் பலமுறை பெயர் மாறி, 1970 இல் பேச்சுத் தொடர்பாடல் சங்கம் ஆகி, 1997 முதல் தேசிய தொடர்பாடல் சங்கம் என வழங்குகிறது.

தனித்துறையாகப் பிரிந்தவர்கள் தம்மை அறிஞராக நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு முனைவர் பட்டம் தேவைப்பட்டது. பேச்சுத் துறையில் முதல் முனைவர் பட்டங்கள் 1920களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பட்டன. அவை திக்குவாய் போன்ற பேச்சுக் குறைபாடுகளை ஆராயும் அறிவியல் சார்ந்த பணிகளையும் உள்ளடக்கியிருந்தன. அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டில், சிசரோ, குவின்டிலியன் ஆகியோரின் நூல்களை அடிப்படையாகக் கொண்ட கருத்தரங்க வகுப்பு 1920 இல் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய எர்பர்ட் விச்செல்ன்சு 1925 இல் எழுதிய கட்டுரை, சொற்பொழிவை இலக்கியமாக மதிப்பிடுதல் வேறு, அது கேட்போரிடம் விளைவித்த பயனை மதிப்பிடுதல் வேறு என்று வரையறுத்தது. நாவன்மைத் திறனாய்வு என்ற ஆய்வு முறைக்கு அது அடித்தளமாயிற்று.

இதழியல் மரபு

மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1908 இல் வால்டர் வில்லியம்ஸ் இதழியல் பள்ளியை நிறுவினார். புலிட்சரின் கொடையால் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி 1912 இல் திறக்கப்பட்டது. இவை செய்தியாளர்களை உருவாக்கும் தொழிற்பள்ளிகளாகவே தொடங்கின. விஸ்கான்சினில் வில்லார்டு பிளேயர் என்பவர், அரசறிவியல் போன்ற துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் படிப்போர் இதழியலைத் துணைப்பாடமாகக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தார்.

இம்மரபைத் தனி முனைவர் பட்டமாக மாற்றியவராகக் கருதப்படுபவர் வில்பர் சிராம் (1907 - 1987) ஆவார். இவர் 1932 இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பெற்ற முனைவர் பட்டம் ஆங்கில இலக்கியத்துக்கு உரியது. சிறு வயதிலிருந்தே இவருக்குத் திக்குவாய் இருந்தது. அயோவாவுக்கு இவரை ஈர்த்த காரணங்களுள் அங்கிருந்த பேச்சுக் குறைபாட்டு மருத்துவமும் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது வாசிங்டனில் அரசின் தகவல் அலுவலகத்தில் பணியாற்றியபோது சமூக அறிவியலாளருடன் பழகினார். 1943 இல் அயோவா திரும்பி இதழியல் பள்ளியின் இயக்குநராகி, வெகுசனத் தொடர்பாடலில் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கினார். 1947 இல் இல்லினாய், 1955 இல் இசுட்டான்போர்டு என அவர் சென்ற இடமெல்லாம் ஆய்வு நிறுவனமும் முனைவர் படிப்பும் உருவாயின. பேச்சுத் துறையினர் அரிஸ்டாட்டிலைக் கற்ற அதே ஆண்டுகளில் இவருடைய மாணவர் புள்ளியியலையும் கருத்துக்கணிப்பையும் கற்றனர்.

1959 இல் பெர்னார்டு பெரெல்சன் என்ற ஆய்வாளர், தொடர்பாடல் ஆய்வு வாடிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். முன்னோடிகளான லாசுவெல், லூவின், லாசர்சுபெல்டு, ஓவ்லண்டு ஆகியோர் அரசறிவியல், உளவியல், சமூகவியல் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் என்றும், அவர்களுக்குப் பின் புதிய பெருங்கருத்து எதுவும் எழவில்லை என்றும் அவர் வாதிட்டார். அதே இதழில் சிராம் மறுப்பு எழுதினார். பெரெல்சனின் கணிப்பு பலிக்கவில்லை. அதற்குப் பின்னரே துறை பெருகியது. ஆனால் "இது ஒரு துறையா, பல துறைகள் சந்திக்கும் இடமா" என்ற அவரது ஐயம் இன்றும் தீரவில்லை. முனைவர் பட்ட மாணவர் தம் தகுதித் தேர்வில் விடையளிக்க வேண்டிய வினாக்களுள் ஒன்றாகவே அது ஆகிவிட்டது எனலாம்.

விஸ்கான்சின்: ஒரே கட்டிடம், இரு பட்டங்கள்

இரு மரபுகளும் அருகருகே நிற்பதைக் காண விஸ்கான்சின் - மாடிசன் பல்கலைக்கழகம் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கு விலாஸ் ஹால் என்ற கட்டிடத்தில் தொடர்பாடல் கலைகள் துறையும், இதழியல் மற்றும் வெகுசனத் தொடர்பாடல் பள்ளியும் அடுத்தடுத்த தளங்களில் இயங்குகின்றன. இரண்டும் தனித்தனியே மாணவரைச் சேர்க்கின்றன. இரண்டிலும் முனைவர் பட்டம் உண்டு. முதலாவது, பழைய பேச்சுத் துறையின் வாரிசு. இரண்டாவது, பிளேயர் நிறுவிய மரபின் வாரிசு.

தொடர்பாடல் கலைகள் துறைக்குள்ளும் நான்கு பிரிவுகள் உள்ளன: நாவன்மையியலும் அரசியலும் பண்பாடும், திரைப்படம், ஊடகமும் பண்பாடும், தொடர்பாடல் அறிவியல். விண்ணப்பிக்கும்போதே இவற்றுள் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நாவன்மையியலில் இத்துறையின் பேராசிரியர் இலாயிடு பிட்சர் 1968 இல் எழுதிய "நாவன்மைச் சூழல்" பற்றிய கட்டுரை, பேச்சு எத்தகைய நெருக்கடிக்கு விடையாகப் பிறக்கிறது என்று கேட்டது. பல்லாண்டு விவாதத்தை அது தோற்றுவித்தது. தொலைக்காட்சி பார்ப்போர் தமக்கான பொருளைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றனர் என வாதிட்ட சான் பிசுக் இங்குப் பணியாற்றினார்.

திரைப்படப் பிரிவின் புகழுக்கு முதற்காரணம் டேவிட் போர்டுவெல் (1947 - 2024). அவர் 1973 முதல் 2004 வரை இங்குக் கற்பித்தார். அவரும் கிரிசுட்டின் தாம்சனும் சேனட் இசுடைகரும் எழுதி 1985 இல் வெளிவந்த செவ்வியல் ஆலிவுட் திரைப்படம் பற்றிய நூல் இரு மரபுகளுக்கும் இடையிலான வேலியைத் தாண்டியது என்பது குறிப்பிடத்தக்கது. அதுவரை திரைப்பட ஆய்வாளர் பலர் தமக்குப் பிடித்த சிறந்த படங்களையே ஆராய்ந்தனர். இந்நூலாசிரியர்களோ 1915 முதல் 1960 வரை வெளிவந்த அமெரிக்கப் படங்களின் பட்டியலிலிருந்து எழுமாற்று எண்களைக் கொண்டு 100 படங்களைத் தேர்ந்து, புகழற்ற படங்களையும் சேர்த்தே பகுத்தாய்ந்தனர். கருத்துக்கணிப்பாளரின் மாதிரிக்கூறு முறை கலை வரலாற்றுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே. தாம்சனும் இசுடைகரும் விஸ்கான்சினிலேயே முனைவர் பட்டம் பெற்றவர்கள். 1960 இல் நிறுவப்பட்ட திரைப்பட, நாடக ஆய்வு மையமும் அதன் ஆவணக் காப்பகமும் இத்தகைய ஆய்வுக்குப் பெருந்துணை புரிந்தன. யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் தன் வணிக ஆவணங்களையும் படங்களையும் 1969 இல் இம்மையத்துக்கு அளித்தது.

சேர்க்கையும் நல்கையும்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், சனவரி மாதங்களில் முடிவடைந்து ஆகத்து அல்லது செப்டம்பரில் படிப்பு தொடங்கும். நோக்க உரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மாணவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று ஆகியவை கேட்கப்படும். ஜி.ஆர்.இ. தேர்வை 2020க்குப் பின் பல துறைகள் கைவிட்டன. மதிப்பெண்ணைவிட, மாணவரின் ஆய்வுப் பொருளை நெறிப்படுத்தத் துறையில் ஆசிரியர் உள்ளாரா என்பதே தேர்வை முடிவு செய்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் கொண்டு விண்ணப்பிப்பதைவிட, அங்குள்ள ஆசிரியர்களின் நூல்களையும் அண்மையில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளையும் படித்தபின் விண்ணப்பிப்பதே பயன் தரும்.

சேர்க்கப்படும் மாணவர் பலருக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். அதற்கு ஈடாக அவர் கற்பிக்க வேண்டும். இங்குப் பேச்சுத் துறை மரபின் தடம் தெளிவாகத் தெரிகிறது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர் மேடைப் பேச்சுப் பாடம் ஒன்றைப் படிக்கின்றனர். அவர்களைச் சிறு வகுப்புகளாகப் பிரித்துக் கற்பிப்போர் முனைவர் பட்ட மாணவரே. பிரெஞ்சுத் திரைப்படத்தை ஆராய வந்தவரும் முதல் ஆண்டில் பதினெட்டு வயதினரின் பேச்சுகளுக்கு மதிப்பெண் இட்டுக்கொண்டிருப்பார். வெளிநாட்டு மாணவர் கற்பித்தல் பணி பெறும் முன் பேச்சு ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டியிருக்கலாம். எஃப்-1 நுழைவிசைவில் உள்ளோர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகப் பணி செய்ய இயலாது. எனவே உதவித்தொகை குடும்பத்துக்குப் போதாத நிலையில் வேறு வேலை தேடிக்கொள்ளும் வழி அவர்களுக்கு இல்லை.

பாடங்களும் தகுதித் தேர்வும்

முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பாட வகுப்புகளில் கழியும். அவற்றின் பின் தகுதித் தேர்வு வரும். மாணவர் பல மாதங்கள் ஒரு நூற்பட்டியலைப் படித்து, ஆய்வுக் குழுவினர் தரும் வினாக்களுக்குப் பல நாட்கள் விடை எழுதி, பின்னர் வாய்மொழித் தேர்வையும் எதிர்கொள்வார். தேறியவரை விஸ்கான்சினில் "டிசர்ட்டேட்டர்", அதாவது ஆய்வேட்டாளர், என்ற தனிப் பெயரால் அழைப்பர். பிற இடங்களில் இந்நிலை "ஆய்வேடு தவிர அனைத்தும்" என்ற பொருள் தரும் ஏ.பி.டி. என்ற சுருக்கத்தால் குறிக்கப்படுகிறது. இந்நிலையிலேயே நின்றுவிடுவோரும் உண்டு. வகுப்புகளும் தேர்வுகளும் நாளை வரையறுத்துத் தந்தன. ஆய்வேட்டுக்கு அத்தகைய நாட்காட்டி இல்லை. முழுப் படிப்புக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆவது வழக்கம். ஆவணக் காப்பகங்களையோ கள ஆய்வையோ சார்ந்த ஆய்வுகள் மேலும் நீள்வதுண்டு.

ஆய்வேடு

ஆய்வேட்டின் முறை மாணவர் சார்ந்த மரபைப் பொறுத்தது. நாவன்மையியலில் ஒரு தலைவரின் சொற்பொழிவுகளையோ ஓர் இயக்கத்தின் துண்டறிக்கைகளையோ நுணுகிப் படித்து வாதிடுவர். தொடர்பாடல் அறிவியலில் சோதனையும் மதிப்பாய்வும் புள்ளியியலும் இடம்பெறும். பண்பாட்டு ஆய்வில் நேர்காணல், கள ஆய்வு ஆகியவை முதன்மை பெறும்.

இரு மரபினரும் பயன்படுத்தும் முறைகளுள் உள்ளடக்கப் பகுப்பாய்வு ஒன்று. புயல் பற்றிய நாளிதழ்ச் செய்திகளை ஒரு மாணவர் ஆராய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு செய்தியும் அழிவுக்கு இயற்கையைக் காரணமாகக் காட்டுகிறதா, அரசைக் காட்டுகிறதா என்று குறிக்க வேண்டும். மாணவர் தாமே குறித்தால் அது அவரது கருத்து மட்டுமே. ஆகவே வரையறைகளை எழுதிக்கொடுத்து, ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் இருவரைத் தனித்தனியே குறிக்கச் செய்வர். இருவரும் நாணயத்தைச் சுண்டிக் குறித்தாலும் இரு வகைகளில் ஏறத்தாழப் பாதிச் செய்திகளில் ஒத்துப்போவர் என்பதால் வெறும் ஒப்புமை விழுக்காடு போதாது. தற்செயல் ஒப்புமையைக் கழித்துக் கணிக்கும் அளவை ஒன்றைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கிளாசு கிரிப்பெண்டோர்பு (1932 - 2022) வகுத்தார். முழு ஒப்புமைக்கு அவ்வளவை 1 ஆகும், 0.80 நம்பத்தக்கது, 0.667க்குக் கீழ் வந்தால் அத்தரவைக் கொண்டு முடிவு கூறலாகாது என்பது அவர் தந்த அறிவுரை. அவ்வாறு வந்தால் மாணவர் வரையறைகளைத் திருத்தி மீண்டும் தொடங்க வேண்டும். பல மாத உழைப்பு வீணாவது இக்கட்டத்தில்தான். எனினும், அரசைக் குறைகூறுதல் என்றால் என்ன என்று தாமே தெளிவாக அறிந்திருக்கவில்லை என்பதை மாணவர் கண்டுகொள்வதும் இங்கேயே.

மனிதரை நேர்காணவோ சோதனைக்கு உட்படுத்தவோ வேண்டுமெனில், ஆய்வு தொடங்கும் முன் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவின் இசைவைப் பெற வேண்டும். 1974 இல் இயற்றப்பட்ட தேசிய ஆய்வுச் சட்டத்தின் வழி இக்குழுக்கள் ஏற்பட்டன. நிறைவில் ஆய்வுக் குழுவின் முன் மாணவர் தம் முடிவுகளை நிலைநாட்டுவார். ஏற்கப்பட்ட ஆய்வேடுகளுள் பெரும்பாலானவை புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் தொகுப்பில் சேர்க்கப்படுகின்றன. 1938 இல் நுண்படச் சுருள் நிறுவனமாகத் தொடங்கியது அந்நிறுவனம்.

விமர்சனம்

இத்துறையில் யாருடைய ஆய்வு அறிவாக ஏற்கப்படுகிறது என்ற கேள்வி அண்மையில் கூர்மை பெற்றது. 2018 இல் பவுலா சக்கரவர்த்தி உள்ளிட்ட நால்வர் எழுதிய கட்டுரை, முன்னணித் தொடர்பாடல் இதழ்களில் வெள்ளையர் அல்லாத ஆய்வாளர் குறைவாகவே வெளியிடப்படுவதையும் மேற்கோள் காட்டப்படுவதையும் எண்ணிக்கையால் காட்டியது. 2019 இல் தேசிய தொடர்பாடல் சங்கத்தின் சிறப்பறிஞர் விருதாளர் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையராக இருந்ததை ஒட்டித் தெரிவு முறை மாற்றப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. மாணவருக்கு இது தொலைவான பூசல் அன்று. தகுதித் தேர்வுக்கான நூற்பட்டியலில் எவர் இடம்பெறுகிறார் என்பதும், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய ஆய்வேடு "பொதுவான" கோட்பாட்டுப் பங்களிப்பாக மதிக்கப்படுமா, தனியொரு நாட்டின் செய்தியாக ஒதுக்கப்படுமா என்பதும் இதனோடு பிணைந்தவை.

இந்தியாவும் தமிழும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கல்வி 1947 இல் தொடங்கியது. போர்டு அறக்கட்டளை 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் சிராம் இடம்பெற்றிருந்தார். அதன் பரிந்துரைகளை ஒட்டி 1965 ஆகத்து 17 அன்று புது தில்லியில் இந்திய வெகுசனத் தொடர்பு நிறுவனம் திறக்கப்பட்டது. இதனால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இதழியல் மரபே. பேச்சுத் துறை என்ற ஒன்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றவில்லை.

இந்தியாவில் முனைவர் படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகள் நெறிப்படுத்துகின்றன. பாட வகுப்புகளையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை இவ்விதிகள் நீக்கின. அமெரிக்க முறையில் ஆய்வேட்டைத் துறையின் குழுவே மதிப்பிடுகிறது. இந்திய முறையில் வெளித்தேர்வாளரின் அறிக்கையும் பொது வாய்மொழித் தேர்வும் இன்றியமையாதவை.

மேடைப் பேச்சும் திரைப்படமும் அரசியலை வடிவமைத்த தமிழ்நாடு, தொடர்பாடல் கலைகள் துறைக்கு இயல்பாகவே உரிய ஆய்வுக்களம் ஆகும். ஆனால் அதைப் பற்றிய முதன்மையான ஆய்வுகள் பிற துறைகளிலிருந்தே வந்தன. தமிழ்த் திரைப்படத்தின் அரசியலை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவரான இராபர்ட் ஆர்டுகிரேவ் அரசறிவியலாளர். மதுரையில் திரைப்பட இரசிகரிடையே கள ஆய்வு செய்த சாரா டிக்கி மானிடவியலாளர். தியடோர் பாஸ்கரன் 1981 இலும் எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 இலும் வெளியிட்ட நூல்கள் வரலாற்று, சமூக அறிவியல் நோக்கில் எழுந்தவை. மேடைத்தமிழைப் பற்றிய விரிவான நூலை 2009 இல் வெளியிட்ட பெர்னார்டு பேட், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். தமிழ்ப் பொதுப்பேச்சின் தோற்றம் பற்றி அவர் எழுதிவந்த அடுத்த நூல், 2016 இல் அவர் மறைந்தபின் 2021 இல் வெளிவந்தது.